லினக்ஸில் கட்டி விண்டோஸில் ஓட்ட: க்னூபிஜி கிராஸ் கம்பைல் முழு வழிகாட்டி

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே உள்ள கம்ப்யூட்டர்களை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்கிறேன். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர்களின் பான் கார்டு நகல், பட்டா, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் பென்டிரைவிலும் மெயிலிலும் திறந்த மேனியாகப் போய்வந்துகொண்டிருந்தன. இவற்றைக் குறியாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. அலுவலகத்தில் இருப்பதெல்லாம் விண்டோஸ், சில மெஷின்கள் இன்னும் 32 பிட் விண்டோஸ் 7. என்னிடம் இருப்பது டெபியன் லினக்ஸ் போட்ட லேப்டாப். கோப்புகளைக் குறியாக்கம் செய்யும் க்னூபிஜி என்ற நிரலை, லினக்ஸில் உட்கார்ந்து மூலநிரலிலிருந்து விண்டோஸுக்காகக் கட்டும் வேலை (இதைத்தான் கிராஸ் கம்பைல் என்பார்கள்) இப்படித்தான் என் தலையில் விழுந்தது. அதை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் சொல்லப்போகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

முதலில், இந்த வேலை தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. க்னூபிஜி குழுவே விண்டோஸுக்கான இன்ஸ்டாலரைத் தருகிறது, ஜிபிஜி4வின் என்ற முழுத் தொகுப்பும் இருக்கிறது. அதை இறக்கிப் போட்டுவிட்டு உங்கள் பிழைப்பைப் பார்க்கலாம். நீங்களே கட்டுவதற்கு உருப்படியான காரணங்கள் சில உண்டு: இன்ஸ்டால் செய்யும் உரிமை இல்லாத மெஷினில் ஒரே ஃபோல்டராகப் போட வேண்டும், வேண்டாத பகுதிகளை வெட்ட வேண்டும், நிரலில் ஒரு திருத்தம் செய்து பார்க்க வேண்டும், உங்கள் சொந்த சாஃப்ட்வேரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு முதல் இரண்டும்.

கோ மொழியில் எழுதப்பட்ட ஏஜ் என்ற குறியாக்கக் கருவியை எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. கோ மொழியில் கிராஸ் கம்பைல் என்பது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஜிஓஓஎஸ் என்ற சூழல் மாறிக்கு (டெர்மினலில் பெயர் வைத்துக் குறிக்கும் மதிப்பு) விண்டோஸ் என்றும் ஜிஓஆர்ச் என்ற மாறிக்கு ஏஎம்டி64 என்றும் கொடுத்து கோ பில்ட் அடித்தால் போதும், எக்ஸி கோப்பு வந்துவிடும். எதிர்முனையில் இருப்பவரும் ஏஜ் வைத்துக்கொள்ளத் தயார் என்றால் அதையே எடுங்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். எனக்கு இரண்டு சிக்கல். எதிர்முனையில் ஏற்கெனவே க்னூபிஜி சாவி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அப்புறம், விண்டோஸ் 7இல் ஓடும் எக்ஸியைத் தரும் கடைசி கோ பதிப்பு 1.20தான், 1.21இலிருந்து விண்டோஸ் 10 கட்டாயம்.

நீங்களே கட்டினால் அதன் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு. க்னூபிஜிக்குள் குறியாக்கக் கணக்குகளைச் செய்யும் லைப்ரரி லிப்ஜிக்ரிப்ட். 2021 ஜனவரி 19 அன்று அதன் 1.9.0 வந்தது. அதில் நினைவகம் நிரம்பி வழியும் மோசமான ஓட்டை இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் தாவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தார். அந்த மாதம் 29ஆம் தேதியே 1.9.1 வந்துவிட்டது. டெபியனில் இப்படி ஒரு திருத்தம் தானாக வந்து சேரும். நீங்கள் கட்டிக் கொடுத்த ஃபோல்டருக்கு நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும். அதற்கு மனசு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பில்ட், ஹோஸ்ட், டார்கெட்

இந்த மூன்று பெயர்களும்தான் முதலில் எல்லோரையும் குழப்புபவை. பில்ட் என்பது கம்பைல் நடக்கிற மெஷின், நம் டெபியன் லேப்டாப். ஹோஸ்ட் என்பது கட்டி முடித்த நிரல் ஓடப்போகிற இடம், அதாவது விண்டோஸ். டார்கெட் என்பது கம்பைலரையே கட்டுபவர்களுக்கு மட்டும் தேவைப்படுவது. நமக்கு அதில் வேலையே இல்லை. விண்டோஸ்தானே நம் இலக்கு என்று நினைத்து டார்கெட்டில் அதைக் கொடுத்தால், கட்டுவதற்கு முன் மெஷினைச் சோதித்து அமைப்புகளைத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வாயைத் திறக்காமல் லினக்ஸ் நிரல் ஒன்றைக் கட்டி வைத்துவிடும்.

கான்ஃபிகருக்குக் கொடுக்க வேண்டிய, 32 பிட் விண்டோஸுக்கான முப்பகுதிப் பெயர் ஐ686-டபிள்யூ64-மிங்ஜிடபிள்யூ32. 64 பிட்டுக்கு எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்ஜிடபிள்யூ32. இரண்டிலும் 64ம் 32ம் கலந்துகிடப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், முதல் துண்டை மட்டும் பாருங்கள். மற்றவை பழைய திட்டப் பெயர்களின் மிச்சம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? க்னூபிஜி 2.4 வரிசை என்றால் 32 பிட்டே கட்டுங்கள். 64 பிட் விண்டோஸை ஒழுங்காகக் கவனித்தது 2024இல் தொடங்கிய 2.5 வரிசையில்தான். லாங் என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸிலோ 4 பைட்தான். லினக்ஸை மனதில் வைத்து எழுதிய பழைய நிரலை 64 பிட் விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது இந்த மாதிரி இடங்களில் அடிபடும். 32 பிட்டாகக் கட்டினால் பழைய மெஷின், புதிய மெஷின் இரண்டிலும் அதுவே ஓடும். நான் 2.4ஐத்தான் எடுத்தேன்.

கருவிகளைச் சேர்த்தல்

டெபியனிலோ உபுண்டுவிலோ ஏப்ட் மூலம் இவற்றை நிறுவுங்கள்: பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், ஜிசிசி-மிங்ஜிடபிள்யூ-டபிள்யூ64-ஐ686-வின்32 (விண்டோஸ் நிரலைக் கட்டும் மிங்ஜிடபிள்யூ கம்பைலர்), வைன் (விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க). 32 பிட் வைன் வேண்டுமென்றால் முதலில் டிபிகேஜி கட்டளையில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்துவிட்டு ஏப்ட் அப்டேட் கொடுக்க வேண்டும்.

மிங்ஜிடபிள்யூ பேக்கேஜில் வின்32, போசிக்ஸ் என்று இரண்டு வகை கிடைக்கும். நமக்கு வின்32 போதும். க்னூபிஜி தன் திரெட் வேலைக்கு (ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருசேர ஓட்டுவது) என்பிடிஎச் என்ற சொந்த லைப்ரரியை வைத்திருக்கிறது, அதற்கு விண்டோஸ் வடிவம் உண்டு. போசிக்ஸ் வகையை எடுத்தால் பிறகு வின்பித்ரெட் என்ற டிஎல்எல்லையும் (நிரல் ஓடும்போது தேடும் விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) கூடவே சுமக்க வேண்டி வரலாம்.

சாதாரண லினக்ஸ் ஜிசிசியும் கட்டாயம் இருக்க வேண்டும். லிப்ஜிக்ரிப்ட் கட்டும்போது, அட்டவணைகளை உருவாக்கும் சின்ன நிரல் ஒன்று லினக்ஸிலேயே கம்பைல் ஆகி லினக்ஸிலேயே ஓடும். சிலர் அவசரத்தில் சிசி என்ற சூழல் மாறியில் மிங்ஜிடபிள்யூ பெயரைப் போட்டுவைப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ஹோஸ்ட் கொடுத்தாலே கான்ஃபிகர் தன்னால் சரியான கம்பைலரைப் பிடித்துக்கொள்ளும்.

மூலநிரல் வாங்கும் இடம்

பில் போடும் சாஃப்ட்வேர் தப்பாகக் கம்பைல் ஆனால் கூட்டுத்தொகை தப்பும், கடைக்காரர் சாயங்காலத்துக்குள் போன் பண்ணிவிடுவார். குறியாக்க சாஃப்ட்வேரில் தப்பு நடந்தால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். உள்ளே என்ன கோளாறு இருந்தாலும் வெளியே வரும் கோப்பு புரியாத பைட்டுகளின் குவியலாகத்தான் இருக்கும், பார்த்த கண்ணுக்கு எல்லாம் சரி. ஆகவே இந்த வேலையில் கம்பைலுக்கு முன்னால் செய்யும் சரிபார்ப்புக்கும் பின்னால் செய்யும் சோதனைக்கும்தான் நேரம் போக வேண்டும். நடுவில் இருப்பது பொறுமை இருந்தால் முடிந்துவிடுகிற வேலை.

க்னூபிஜியின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஏழு டார் கோப்புகளை (மூலநிரல் பொட்டலங்கள்) இறக்குங்கள்: லிப்ஜிபிஜி-எரர், என்பிடிஎச், லிப்ஜிக்ரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ, க்னூபிஜி, பின்என்ட்ரி. சுருக்க லைப்ரரியான இசட்லிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். ஒவ்வொரு லைப்ரரியிலும் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது க்னூபிஜியின் ரீட்மீ கோப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சிக் என்று முடியும் கையொப்பக் கோப்பு இருக்கும், அதையும் சேர்த்து இறக்குங்கள். டெபியனில் ஏற்கெனவே உள்ள ஜிபிஜியில் வெரிஃபை கட்டளை கொடுத்துச் சோதிக்க வேண்டும். "குட் சிக்னேச்சர்" என்று வந்தவுடன் விட்டுவிடக் கூடாது. எந்தச் சாவி கையொப்பமிட்டது என்று கீழே ஒரு நீண்ட கைரேகை எண் வரும், அதை அந்தத் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு முழுவதுமாக ஒப்பிட வேண்டும். கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்ப்பது ஆகாது. எட்டு எழுத்துப் பொருந்தும் போலிச் சாவியை யார் வேண்டுமானாலும் உருவாக்கிவிடலாம்.

கையொப்பம் யார் கொடுத்தார் என்பதைச் சொல்லும், என்ன கொடுத்தார் என்பதைச் சொல்லாது. 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பது தெரியவந்தது. எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள மெஷினுக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்த நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்ணில் அது பட்டது. பின்வாசலை இயக்கிவைக்கும் துண்டு மூலநிரல் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை, டார் கோப்பில் மட்டும் இருந்தது, அதுவும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு உணவாகிற ஒரு எம்4 கோப்பில். அந்த டார் கோப்பை வெளியிட்டவரே திட்டத்தின் பராமரிப்பாளராக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தவர். கையொப்பம் சரியாகத்தான் இருந்தது.

இதற்காக எல்லா எம்4 கோப்பையும் வரிவரியாகப் படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் செய்வது இதுதான்: அதே பதிப்பின் கிட் டேகை எடுத்து, டார் கோப்பை விரித்த ஃபோல்டரோடு டிஃப் போட்டு வித்தியாசம் பார்ப்பேன். ஆட்டோகான்ஃப் உருவாக்கிய கோப்புகள் கூடுதலாக இருக்கும், அது இயல்பு. அதைத் தாண்டி ஏதாவது தெரிந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். புதிய பதிப்பு வந்த அன்றே பாய்ந்து எடுப்பதும் இல்லை, பாதுகாப்புத் திருத்தமாக இருந்தால் ஒழிய.

லைப்ரரிகளை வரிசையாகக் கட்டுதல்

வீட்டு ஃபோல்டருக்குள் வின்-ரூட் என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். கட்டுகிற எல்லாம் அதற்குள்தான் போய் உட்கார வேண்டும். சிஸ்டம் ஃபோல்டர்களில் எதுவும் போகக் கூடாது, கருவிகளை நிறுவி முடித்த பிறகு சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) எங்கும் தேவைப்படாது.

அடுத்து இரண்டு சூழல் மாறிகள். சிஸ்ரூட் என்பதில் வின்-ரூட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் என்பதில் வின்-ரூட்டுக்குள் லிப், அதற்குள் பிகேஜிகான்ஃபிக் என்ற பாதையைக் கொடுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்பதைக் கொடுத்துவிடாதீர்கள். அது தேடும் இடங்களோடு இன்னொன்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது லினக்ஸ் லைப்ரரிகள் இருக்கும் பக்கமே தலை திரும்பாமல் இருப்பது. லிப்டிர் அதைத்தான் செய்யும்.

இதில் கோட்டைவிட்டால் லிங்க் ஆகும் நேரத்தில் "ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்" என்று வரிவரியாக ஓடும். லினக்ஸ் லைப்ரரியை எடுத்துப் பார்த்துவிட்டு இது நமக்கானது இல்லை என்று லிங்கர் தள்ளிவைக்கிறது என்று பொருள். நிரலில் கைவைக்காதீர்கள், மாறிகளைச் சரிபார்த்து, மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்துவிட்டு மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

கட்டும் வரிசை: முதலில் லிப்ஜிபிஜி-எரர். என்பிடிஎச் யாரையும் சார்ந்ததில்லை, எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். பிறகு லிப்ஜிக்ரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ மூன்றும். இவை மூன்றுக்கும் லிப்ஜிபிஜி-எரர் வேண்டும். ஒவ்வொன்றிலும் செய்வது ஒன்றுதான். தனியாக ஒரு பில்ட் ஃபோல்டர் திறந்து, அங்கிருந்து கான்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, ஹோஸ்டுக்கு ஐ686 முப்பகுதிப் பெயர், பில்டுக்கு எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு, ப்ரிஃபிக்ஸுக்கு வின்-ரூட்டின் பாதை. பிறகு மேக், மேக் இன்ஸ்டால். ஆவணங்கள் வேண்டாமென்றால், அந்த விருப்பம் உள்ள பேக்கேஜ்களில் டிஸேபிள்-டாக் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லிப்ஜிக்ரிப்டின் கான்ஃபிகர் முடிந்ததும் கடைசியில் ஒரு சுருக்கம் அச்சாகும். மற்ற லைப்ரரிகளில் அதைப் படிக்காமல் போனாலும் இங்கே படியுங்கள். பிளாட்ஃபார்ம் என்ற வரியில் டபிள்யூ32 என்று இருக்கிறதா? எந்தெந்தக் குறியாக்க முறைகள் இயக்கப்பட்டிருக்கின்றன? ரேண்டம் எண் உருவாக்கி டிஃபால்ட் என்று இருக்கிறதா? இந்தச் சுருக்கத்தை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து எப்படிக் கட்டினோம் என்று யாராவது கேட்டால் உதவும்.

இசட்லிப் மட்டும் தனி ஜாதி. அதன் கான்ஃபிகர் ஆட்டோகான்ஃப் உருவாக்கியது கிடையாது, ஹோஸ்ட் என்று கொடுத்தால் புரியாது. மிங்ஜிடபிள்யூ என்று தெரிந்தால் வின்32 ஃபோல்டரில் உள்ள மேக்ஃபைல்.ஜிசிசியைப் பயன்படுத்து என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த மேக்ஃபைலைத் தேர்ந்து மேக் கொடுக்கும்போது ப்ரிஃபிக்ஸ் என்ற மாறி ஒன்று வரும். மற்ற இடங்களில் ப்ரிஃபிக்ஸ் என்றால் போய்ச் சேரும் ஃபோல்டர். இங்கே கம்பைலர் பெயரின் முன்பகுதி, கடைசியில் உள்ள கோட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போய்ச் சேரும் இடங்களை இன்ஸ்டால் செய்யும்போது பைனரி_பாத், இன்க்ளூட்_பாத், லைப்ரரி_பாத் என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும். சும்மா கொடுத்தால் ஸ்டேடிக் லைப்ரரி மட்டும் நிறுவப்படும். நல்லது, சுமக்க வேண்டிய டிஎல்எல் ஒன்று குறைந்தது.

எதற்கு இத்தனை பாடு, இசட்லிப்பை விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் கம்பைல் ஆகும், சாவி உருவாகும், உங்களுக்குள்ளேயே அனுப்பிப் பார்த்தாலும் வேலை செய்யும். ஆனால் வெளியிலிருந்து வரும் க்னூபிஜி கோப்புகள் பெரும்பாலும் சுருக்கப்பட்டே வரும். அவற்றைத் திறக்கத்தான் இசட்லிப்.

க்னூபிஜியும் பின்என்ட்ரியும்

இப்போது க்னூபிஜி. அதே மூன்று விருப்பங்கள், கூடவே இசட்லிப் இருக்கும் இடம். சாவி சர்வர்களோடு பேசும் டிர்எம்என்ஜிஆர், ஸ்மார்ட் கார்டுக்கான எஸ்சிடெமான் இரண்டும் அந்த அலுவலகத்துக்குத் தேவைப்படவில்லை, டிஸேபிள் கொடுத்து எடுத்துவிட்டேன். ஏதாவது லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் மூன்று நட்சத்திரக் குறியோடு "யூ நீட்" என்று தொடங்கி அதன் பெயரைச் சொல்லி நிற்கும். அந்தச் செய்தி வந்தால் அனேகமாக லைப்ரரி இல்லாததால் அல்ல, சிஸ்ரூட் மாறி புதிதாகத் திறந்த டெர்மினலில் இல்லாததால்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு மத்தியானம் கரண்ட் வந்தபிறகு தொடர்பவர்கள் இதைக் கவனியுங்கள். மாறிகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் சோர்ஸ் செய்துகொள்வது நிம்மதி.

பின்என்ட்ரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் கேட்கும் அந்தச் சின்னப் பெட்டி க்னூபிஜிக்குள் இல்லை, தனி நிரல். அது இல்லாவிட்டால் சாவி உருவாக்கும் இடத்தில் "நோ பின்என்ட்ரி" என்று சொல்லி நின்றுவிடும். பின்என்ட்ரியைக் கட்டும்போது டபிள்யூ32 வகையை மட்டும் எனேபிள் செய்து ஜிடிகே, க்யூடி, கர்சஸ் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யுங்கள். வரும் எக்ஸிக்குப் பின்என்ட்ரி-பேசிக் என்று பெயர் மாற்றி ஜிபிஜி எக்ஸி இருக்கும் அதே பின் ஃபோல்டரில் வையுங்கள்.

பொட்டலம் கட்டுதல்

வின்-ரூட்டில் உள்ளதை எல்லாம் அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. பின் ஃபோல்டரில் உள்ள எக்ஸிகளும் டிஎல்எல்களும் போதும். எந்த டிஎல்எல் உண்மையிலேயே தேவை என்று ஊகிக்க வேண்டாம். ஐ686 முன்பகுதியோடு தொடங்கும் ஆப்ஜ்டம்ப் கட்டளையில் மைனஸ் பி கொடுத்து ஒவ்வொரு எக்ஸியையும் பாருங்கள். "டிஎல்எல் நேம்" என்று வரும் வரிகள்தான் பட்டியல். கெர்னல்32, அட்வாபி32, எம்எஸ்விசிஆர்டி போன்றவை விண்டோஸிலேயே இருப்பவை. லிப் என்று தொடங்குபவை நீங்கள் கொடுக்க வேண்டியவை. லிப்ஜிசிசி என்று தொடங்கும் ஒன்று அதில் தெரிந்தால், லிங்கர் விருப்பத்தில் ஸ்டேடிக்-லிப்ஜிசிசி சேர்த்து மறுபடி கட்டுங்கள், அல்லது கம்பைலர் ஃபோல்டரிலிருந்து அந்த டிஎல்எல்லை நகலெடுத்து வையுங்கள்.

எம்எஸ்விசிஆர்டி இருக்கும் இடத்தில் யூசிஆர்டி என்ற பெயரோ, ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் பெயர்களோ தெரிந்தால் உங்கள் மிங்ஜிடபிள்யூ புதிய சி லைப்ரரியோடு கட்டியிருக்கிறது. விண்டோஸ் 10இல் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 7இல் அதற்கான அப்டேட் போடாத மெஷினில் எக்ஸி திறக்காது.

இத்தோடு ஃபைல் கட்டளையையும் ஓட்டிவிடுங்கள். பிஇ32 என்று வந்தால் 32 பிட் விண்டோஸ் நிரல், பிஇ32 பிளஸ் என்றால் 64 பிட், ஈஎல்எஃப் என்றால் நீங்கள் இதுவரை கட்டியது லினக்ஸுக்கு.

சோதனை

முதல் சுற்று வைனில். லிப்ஜிக்ரிப்டின் பில்ட் ஃபோல்டரில் மேக் செக் கொடுக்கும்போது டெஸ்ட்ஸ் என்ற மாறியைக் காலியாகக் கொடுத்தால் சோதனை நிரல்கள் கம்பைல் ஆகும், ஓடாது. பிறகு அவற்றை வைன் வழியாக ஒவ்வொன்றாக ஓட்டலாம். பேசிக் என்ற எக்ஸியை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே விடை தெரிந்த கணக்குகளைக் குறியாக்க முறைகளுக்குக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. வைன் விண்டோஸ் அல்ல. இங்கே தேறியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு உண்மையான மெஷினிலும் ஓட்ட வேண்டும்.

கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். ஏ, பி, சி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு கோப்பு உருவாக்குங்கள். கோப்பின் அளவு சரியாக 3 பைட் இருக்க வேண்டும். எக்கோ கட்டளையில் உருவாக்கினால் வரி முடிவுக் குறி ஒட்டிக்கொண்டு லினக்ஸில் 4 பைட்டும் விண்டோஸில் 5 பைட்டும் ஆகிவிடும், விடையும் மாறிவிடும். ஜிபிஜியில் பிரின்ட்-எம்டி எஸ்எச்ஏ256 கொடுத்தால் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் நீண்ட எண் பிஏ7816பிஎஃப் என்று தொடங்கி 15ஏடி என்று முடிய வேண்டும். லினக்ஸ், வைன், விண்டோஸ் மூன்றிலும் இதுவே வர வேண்டும்.

அடுத்து ரேண்டம் எண், சாவிகள் உருவாவது இதை வைத்துத்தான். சோதனை நிரல்கள் பிடிக்க முடியாத இடம் இதுதான். 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பேக்கேஜில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ரேண்டம் குளத்தில் தகவல் கலக்கும் வரி. அதன் பிறகு உருவான சாவிகள், ஓடும் நிரலுக்கு சிஸ்டம் தரும் ப்ராசஸ் எண்ணை மட்டும் நம்பி நின்றன. ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் சாத்தியமான சாவிகள் சில பத்தாயிரங்களுக்குள் அடங்கிப்போயின. அது வெளியே வந்தது 2008 மே மாதம். அதுவரை அந்தச் சாவிகளில் எல்லாமே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

லிப்ஜிக்ரிப்டில் விண்டோஸுக்கென்று தனி ரேண்டம் பகுதி உண்டு. கட்டியதில் அது இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் மெஷினில் ஜிபிஜிகான்ஃப் கட்டளையில் ஷோ-வெர்ஷன்ஸ் கொடுங்கள். வரும் பட்டியலில் ஆர்என்டி-மாட் என்ற வரியில் டபிள்யூ32 என்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் அந்தப் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி கோப்புகளை இரு திசையிலும் அனுப்பிப் பாருங்கள். லினக்ஸில் பூட்டி விண்டோஸில் திறக்க வேண்டும், விண்டோஸில் பூட்டி லினக்ஸில் திறக்க வேண்டும். திறந்த பிறகு இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256 எடுத்து ஒப்பிட வேண்டும். கோப்பு திறந்து படமும் தெரிந்துவிட்டது என்பதோடு விடக் கூடாது. காலிக் கோப்பு ஒன்று, சாதாரண பிடிஎஃப் ஒன்று, 4 ஜிபிக்கு மேல் ஒன்று. கடைசியில் சொன்னது 32 பிட் நிரலில் கோப்பு அளவு எண் நிரம்பி வழிகிறதா என்று பார்ப்பதற்கு. அதைப் பென்டிரைவில் கொண்டுபோனால் முதலில் பென்டிரைவின் ஃபார்மட்டைப் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் அதுவே ஏற்காது, பழி உங்கள் நிரல் மேல் விழும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களைச் சோதிக்காமல் நம் ஊரில் எதையும் கொடுக்க முடியாது. "பட்டா நகல்" என்று நடுவில் இடைவெளியோடு ஒரு கோப்பை உருவாக்கிப் பூட்டுங்கள். விண்டோஸில் பழைய பாணிக் குறியேற்றப் பக்கம் தமிழுக்குக் கிடையாது, யூனிகோட் வழி மட்டும்தான். நிரல் எங்காவது ஓர் இடத்தில் பழைய வழியில் பெயரை வாங்கினால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகி, கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். க்னூபிஜியின் பழைய பதிப்புகளுக்கு இந்தக் கோளாறு இருந்தது, இப்போது சரிசெய்யப்பட்டிருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் பதறாதீர்கள். அது எழுத்துரு கோளாறாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பவர்ஷெல்லில் இன்னொரு கண்ணி. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் ஜிபிஜியின் வெளியீட்டை அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், அது பைட்டுகளை எழுத்து என்று எண்ணி யூடிஎஃப்-16க்கு மாற்றிவிடும். கோப்பு உருவாகும், அளவும் இருக்கும், திறக்காது. எப்போதும் அவுட்புட் விருப்பத்தில் கோப்புப் பெயரைக் கொடுங்கள். இதற்காகவே அலுவலகத்தில் ஒரு பேட்ச் கோப்பு எழுதிவைத்து, கோப்பை அதன் மேல் இழுத்துப் போட்டால் பூட்டிக் கொடுக்கும்படி செய்துவிட்டேன். அங்கே கணக்கு பார்க்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன நாளா லேப்டாப்பத் தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்றார். இம்புட்டுத்தான் அக்கா என்று சொல்லிவிட்டேன்.

கொடுப்பதும் அதன் பிறகும்

ஜிப்பாகக் கட்டி, அதன் எஸ்எச்ஏ256 எண்ணைத் தனியாகக் கொடுங்கள். ஜிப்பை மெயிலில் அனுப்பினால் எண்ணைப் போனில் வாசித்துக் காட்டலாம். விண்டோஸ் 10, 11இல் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை காட்டலாம். சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிடாத எக்ஸிகளுக்கு அது வருவது வழக்கம். அதற்காக ஆன்டிவைரஸையே அணைத்துவிடுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒருமுறை அணைத்ததை அப்புறம் யாரும் போட மாட்டார்கள்.

க்னூபிஜி ஜிபிஎல் 3 உரிமத்தில் வருவது. எக்ஸியை இன்னொருவருக்குக் கொடுத்தால் மூலநிரலும் அவருக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். நீங்கள் கட்டப் பயன்படுத்திய டார் கோப்புகள், உங்கள் திருத்தங்கள், மாறிகள் எழுதிய ஸ்கிரிப்ட் மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கூடவே கொடுத்துவிடுவது எளிது.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த மெஷின்களில் குறியாக்கம் செய்வதால் வழியில் போகும் கோப்புக்குத்தான் பாதுகாப்பு. மெஷினுக்குள்ளேயே எவனாவது வந்து உட்கார்ந்திருந்தால் கடவுச்சொல்லை அடிக்கும்போதே எடுத்துக்கொள்வான். பூட்டியதைத் திறக்கும் தனிச்சாவியை அந்த மெஷின்களில் வைக்க வேண்டாம், பொதுச்சாவியால் பூட்டி அனுப்பும் வேலையை மட்டும் அவற்றில் செய்யுங்கள் என்று சொல்லி, திறக்கும் வேலையை விண்டோஸ் 11 மெஷின் ஒன்றுக்கு மாற்றினோம்.

அடுத்த முறை பதிப்பு மாறும்போது இத்தனையையும் கையால் செய்ய வேண்டியதில்லை. க்னூபிஜி மூலநிரலில் பில்ட்-ஆக்ஸ் ஃபோல்டரில் ஸ்பீடோ என்ற மேக்ஃபைல் இருக்கிறது. டார்கெட்ஓஎஸ் என்ற மாறிக்கு டபிள்யூ32 கொடுத்து ஓட்டினால் லைப்ரரிகளை இறக்கி, வரிசையாகக் கட்டி, இன்ஸ்டாலர் வரைக்கும் கொண்டுவந்துவிடும். ஆனால் அது பாதியில் நின்றால் எந்த லைப்ரரியில், எதனால் நின்றது என்று புரிய கையால் ஒருமுறை கட்டியிருக்க வேண்டும். ஸ்பீடோ கட்டிக் கொடுத்ததற்கும் மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் உண்டு, ஆர்என்டி-மாட் வரி உட்பட. புதிய பதிப்பு அறிவிப்புகள் வரும் அஞ்சல் பட்டியலில் உங்கள் மெயிலைச் சேர்த்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று வந்தால் அந்த வாரமே கட்டி, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். சாவிகள் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் க்னூபிஜி என்ற தனி இடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அழிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.